‘ஃபுல் ஸ்கொலர்ஷிப்’பில் போன மகளுக்குக் காசு போதாமல் போவது ஏன்?

கேள்வி: என் மகள் 2022 செப்டெம்பரில் கலாநிதிப் பட்டத்துக்காகக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் போனாள். ஆண்டுக்கு 24,000 டொலர் தருவதாகக் கடிதம் வந்தபோது ஊரே வாழ்த்தியது. அதில் 8,000 டொலரைப் பல்கலைக்கழகமே கட்டணமாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. போன புதிதில் 650 டொலராக இருந்த அறை வாடகை இப்போது 900 டொலர். உதவித்தொகை ஒரு சதமும் கூடவில்லை. மாதம் 300 டொலரளவில் போதாமல் இருப்பதை அவளுடைய தோழி சொல்லித்தான் அறிந்தோம். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். காணியை ஈடு வைத்துப் பணம் அனுப்பலாமா? ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் என் தம்பி வீட்டில் போய் இருக்கவும் மறுக்கிறாள்.
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

காணியை ஈடு வைக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்துக்குப் போகுமுன், இந்தத் தட்டுப்பாட்டுக்கு மகளின் ஊதாரித்தனமோ கெட்டித்தனக் குறைவோ காரணமில்லை என்பதில் நீங்களும் உங்கள் கணவரும் தெளிவாக இருக்க வேண்டும். அப்படி நினைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில்தான் பிள்ளைகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

ஓய்வூதியம் எடுப்பவருக்கு இதை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவளவுக்குப் போனபோது, அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் அதன் பின்னால் ஏறின. ஓய்வூதியம் அந்த வேகத்துக்கு ஏறவில்லை. மகளுக்கும் இதுவே, சற்று மெதுவாக, நான்கு ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. கனடாவின் மத்திய அரசு முதுநிலை மாணவருக்குக் கொடுத்துவந்த புலமைப்பரிசில் 2003 முதல் ஆண்டுக்கு 17,500 டொலராகவே நின்றது. 2023 மே 1 அன்று மாணவரும் ஆய்வாளரும் நாடெங்கும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில்தான் அது 27,000 ஆகவும், கலாநிதி மாணவருக்கானது 40,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் அந்த உயர்வு போட்டியில் வென்று அரசின் பரிசிலைப் பெறுபவர்களுக்கே உரியது. பல்கலைக்கழகத் துறை தன் கையிலிருந்து கொடுக்கும் தொகை அதோடு சேர்ந்து தானாக ஏறாது.

மகள் வீசாவுக்கு விண்ணப்பித்தபோது, கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, ஓராண்டுச் சீவியத்துக்கு 10,000 டொலர் கையில் இருப்பதாகக் காட்டினால் போதும் என்றே கனேடிய அரசு சொன்னது. அதே அரசு 2024 ஜனவரியில் அத்தொகையை 20,635 ஆகவும், 2025 செப்டெம்பரில் 22,895 ஆகவும் ஆக்கியது. கட்டணம் போக உங்கள் மகளின் கையில் நிற்பது 16,000. இன்று புதிதாக வரவிருக்கும் மாணவரிடம் அந்த அரசு கேட்கும் தொகையைவிட ஏறத்தாழ 7,000 டொலர் குறைவில் அவள் காலம் தள்ளுகிறாள். ‘ஃபுல் ஸ்கொலர்ஷிப் என்றுதானே போனவள்’ என்று கேட்கும் அயலவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம். (சொல்லியும் நம்பமாட்டார்கள், கனடாவிலிருந்து இங்கே காசு வருவதை மட்டுமே கண்டு பழகிய ஊர் இது.)

இனிக் காணிக்கு வருவோம். மாதம் 300 டொலர் என்றால் இரண்டு ஆண்டுக்கு 7,200 டொலர். ஒரு கனேடிய டொலர் 200 ரூபாவுக்கு மேல் போகும் இந்நாளில் அது 14 இலட்சத்தைத் தாண்டும், வட்டி வேறு. ஒருமுறை கட்டித் தீர்க்கும் செலவுக்குக் கடன் வாங்கலாம். மாதாமாதம் திறந்தே இருக்கும் துவாரத்துக்கு ஓய்வூதியத்தை நம்பிக் கடன் வாங்கினால், அவள் பட்டம் பெறும் நாளில் மீட்க முடியாத காணி உறுதியும் அவள் தலையில் ஏறிவிடும்.

அங்கேயே அவள் தட்டிப் பார்க்க வேண்டிய கதவுகள் சில உண்டு. முதலாவது, அனுமதிக் கடிதம். கலாநிதி மாணவருக்கான உதவித்தொகை பல இடங்களில் நான்கு ஆண்டுகளுக்கே உறுதி செய்யப்படுகிறது, ஆய்வோ பெரும்பாலும் ஐந்தாம் ஆண்டுக்குள் நீளும். அவளுக்கு இது நான்காம் ஆண்டு என்பதால், மாதம் 300 போதாமையைவிட, அடுத்த செப்டெம்பரில் முழுத் தொகையும் நின்றுபோவதே எனக்குப் பெரிய கவலையாகப் படுகிறது. ஐந்தாம் ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்பதை மேற்பார்வையாளரிடம் இப்போதே நேரில் கேட்டு, பதிலை எழுத்தில் பெறச் சொல்லுங்கள். ஆசிரியரிடம் காசைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நாம் வளர்த்த பிள்ளை கூசுவாள். அங்கே அது வழமையான பேச்சு. அவசர நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம். கற்பித்தல் உதவியாளராக ஒப்பந்தத்திலுள்ள மணித்தியாலங்களுக்கு மேல் வேலை வாங்கப்பட்டால், அதைக் கேட்பதற்குப் பல பல்கலைக்கழகங்களில் தொழிற்சங்கம் இருக்கிறது. வரி கட்ட வேண்டியிராவிட்டாலும் ஆண்டுதோறும் வருமான வரிப் படிவம் கொடுக்க வேண்டும், ஏனெனில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு விற்பனை வரியை ஈடுசெய்யத் தரும் பணத்தை வரி விதிகளின்படி வதிபவராகக் கருதப்படும் வெளிநாட்டு மாணவரும் பெறலாம். படிவம் கொடுக்காமல் அதை இழப்பவர்கள் பலர்.

படிப்புக் காலத்தில் வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம் வரை வேலை செய்ய 2024 நவம்பர் முதல் அனுமதி உண்டு. அத்தனை மணித்தியாலத்தையும் கடைக்குக் கொடுத்தால் ஆய்வு ஓராண்டு பின்தள்ளப்பட்டு, இன்னொரு 8,000 கட்டணம் வந்து சேரும் என்பதால், எட்டு, பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

தம்பி வீட்டைப் பற்றி: ஒன்ராறியோ என்றால் எல்லாம் ஸ்காபரோவுக்குப் பக்கம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். அவளுடைய பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் வவுனியாவுக்குப் போய்வருவது போலவும் இருக்கக்கூடும். விடுமுறையில் போய் நிற்கட்டும்.

அடுத்த முறை பேசும்போது ‘சாப்பிட்டாயா’ என்று கேட்காதீர்கள். அதற்கு அவள் ‘ஓம்’ என்றுதான் சொல்வாள். ‘இந்த மாதம் எவ்வளவு குறைகிறது’ என்று கேளுங்கள், படிப்பு முடியும்வரை நீ எங்களுக்கு எதுவும் அனுப்பத் தேவையில்லை என்பதையும் அப்பாவின் வாயால் சொல்லச் செய்யுங்கள். அவசியம் வந்தால் அடைவு வைக்கலாம் என்று இரண்டு காப்பை ஒதுக்கி வையுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கடைசித் தவணைக் கட்டணத்துக்கு அது உதவும்.