பென்சில் கோடு நின்ற இடம்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

தங்களுடைய தேவனாம்பட்டினம் கட்டுரையைப் படித்தேன். கோட்டையைப் பற்றி நாலு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். அதனால் என்னிடம் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புத் தொகுதிகளை அரிசிப் பையில் கட்டி, கடலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் நான் படித்து முடித்துவிட்டேன். வீட்டை இடித்துக் கட்டுகிறோம், வைக்க இடமில்லை. மகள் போனிலேயே படித்துக்கொள்கிறாள். கிடைத்ததும் ஒரு வரி எழுதவும். என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் பழைய வகுப்புத் தோழன்,
பாகூர்

அடேய்,

ஊரறியப் போடுவேன் என்று தெரிந்ததும் ‘அவர்களுக்கு’, ‘தங்கள்’ எல்லாம் வந்துவிட்டதா? மூன்று வருஷம் என் டிபன் பாக்ஸில் இருந்த முட்டையைக் கேட்காமல் எடுத்துத் தின்றவன் நீ. நினைவிருக்குமா என்று வேறு கேட்கிறாய்.

பை வந்து சேர்ந்தது. ரொம்ப நன்றி. சணலை அவிழ்த்ததும் வீடெல்லாம் பாச்சை உருண்டை வாசனை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. முதல் தொகுதியில் பக்கத்துக்கு நாலு பென்சில் கோடு. இரண்டாவதில் பக்கம் விட்டுப் பக்கம். மூன்றாவதில் பாதியில் ஒரு பஸ் டிக்கெட், அதற்கப்புறம் கோடே கிடையாது. கடைசித் தொகுதிகளில் சில தாள்கள் ஓரம் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. எல்லாம் படித்து முடித்துவிட்டாயாம்! பரீட்சைக்கும் நீ இப்படித்தான் படித்தாய்.

உன்னையும் குறை சொல்ல முடியாது. லேசில் படிக்கிற தமிழா அது? பிள்ளை பாண்டியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர்; பெரிய வியாபாரி. கணக்கு எழுதுகிற மாதிரியே எழுதுகிறார். வருஷம், மாதம், தேதி, கிழமை, எத்தனை நாழிகைக்கு யார் வந்தார், துரை என்ன சொன்னார் என்று ஓடிக்கொண்டே இருக்கும். 1736இல் தொடங்கி, 1761 ஜனவரியில் கண்மூடுவதற்குக் கொஞ்சம் முன்பு வரை அப்படியே.

ஆனால் நீ டிக்கெட் வைத்த இடத்துக்கு அப்புறம்தான் நம் சங்கதி வருகிறது. கல்லூரி விட்டதும் கெடிலம் கடலில் சேர்கிற பக்கம் ஒரு செங்கல் சுவரில் ஏறி உட்காருவோமே, வலை காயப் போட்டிருப்பார்களே, எழுந்தால் பேன்ட் பின்னால் சுண்ணாம்பு ஒட்டியிருக்குமே. “ஏதோ பழைய உப்புக் கிடங்கு” என்று நீ அடித்துச் சொன்னாய், நானும் நம்பினேன். செயின்ட் டேவிட் கோட்டையடா அது! 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் இங்கிலீஷ்காரர்களுக்குத் தலைமையிடமே அதுதான். உங்கள் பாண்டி பிரெஞ்சுக்காரர்கள் அந்த வருஷக் கடைசியிலிருந்து திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள், பருப்பு வேகவில்லை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்துதான் பிடித்தார். பிடித்தவர் இடித்தும் தள்ளினார். நாம் உட்கார்ந்து கடலை தின்றது அந்த மிச்சத்தில்.

அப்புறம் அந்த ஆல்பேட்டை செக்போஸ்ட். பாண்டி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய புத்தகங்களைச் சாக்குப் பையில் மடியில் வைத்திருந்தாய். போலீஸ்காரர் அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவிவிட்டு, “வேற எதுவும் இல்லையா?” என்றார். பாவம், அவ்வளவு ஏமாற்றம். நீ சும்மா இருந்திருக்கலாம். “இருந்தா நானே குடிச்சிருப்பேன் சார்” என்றாய். பஸ்ஸே சிரித்தது. நம் இரண்டு பேரை மட்டும் இறக்கிவிட்டு பஸ் கிளம்பிப் போயிற்று. மஞ்சக்குப்பம் வரை ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பையைத் தூக்கி நடந்தோம். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் தொகுதி பையில் இல்லை. உன் வீட்டில் சிமென்ட் மூட்டைக்கு அடியில் எங்காவது கிடக்கும், தேடு. கண்டக்டரிடம் கொடுத்தனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. முட்டை அவித்து வைக்கிறேன்.