தொண்டு நிறுவனத் தலைமை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு வருடமாகக் களப்பணியாளராக இருக்கிறேன். உலக அளவிலான அமைப்பொன்றில் பொறுப்பான இடத்துக்கு வர ஆசை. கடன் வாங்கியாவது லண்டனில் முதுகலை படி என்கிறார்கள். போகலாமா?

வாசகி, உசிலம்பட்டி

அன்புள்ள வாசகிக்கு,

கடன் வாங்கிப் போக வேண்டாம். ஐ.நா. அமைப்புகளில் பி-2 என்ற தொடக்கநிலை அதிகாரிப் பணிக்குப் பொதுவாக 2 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அடுத்தடுத்த படிகளில் பி-3க்கு 5, பி-4க்கு 7, பி-5க்கு 10. அதோடு கேட்கும் முதுகலை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கடன்பட்டுத் திரும்பினால், தவணைக்காகவே கிடைத்த புராஜெக்டில் சேர வேண்டிவரும்.

முதலில் கணக்கு படியுங்கள். களத்தில் இருப்பவர்கள் இதை அக்கவுண்டன்ட் பாடு என்று விட்டுவிடுகிறார்கள். தலைமைக்கு வருகிறவர் அப்படி விட முடியாது. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தை 2020இல் திருத்தியபோது, வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைத்தார்கள். அலுவலக வாடகை, கரண்ட் பில், வண்டிச் செலவு, கணக்கு எழுதும் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. பெரிய நிறுவனம் வாங்கி ஊர்ச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்த வழி அத்தோடு அடைபட்டது. சின்ன அமைப்பு தானே பதிவு செய்ய வேண்டுமானால் 3 ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது நலப்பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும். கிராமத்து அமைப்புகளுக்கு இது மிகக் கடுமையான நிபந்தனை என்றே நினைக்கிறேன். உங்கள் நிறுவனம் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு பெற்றதென்றால், கடைசியாகத் தாக்கல் செய்த எஃப்.சி.-4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தொகையும் எந்த வவுச்சரிலிருந்து வந்தது என்று பாருங்கள்.

அடுத்தது, திட்டம் எழுதுவது. கண்மாய் மராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நன்கொடையாளருக்குக் கண்ணில் படுவது கரை, மடை, உபரிநீர் வெளியேறும் கலுங்கு. அதற்குப் பணம் வரும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் அடுத்த ஊர் எல்லையில் கிடக்கும், ஆக்கிரமிப்பும் இருக்கும். பேசி முடிக்கவே ஒரு வருடம் ஆகும். திட்டமோ 18 மாதம். அதனால் அதைத் தொடாமல் கரையை உயர்த்தி, மடைக்குப் புது ஷட்டர் போட்டுக் கணக்கை முடிப்பார்கள். மழை பெய்தும் கண்மாய்க்குத் தண்ணீர் வராது. கண்மாயில் பாசனம் பெறும் விவசாயிகளின் ஆயக்கட்டுச் சங்கத்துக்கும், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியின் கூலிக்கும் வழி செய்யாவிட்டால், ஷட்டருக்குக் கிரீஸ் போடக்கூட ஆள் இருக்காது. முதல் ஒரு வருடம் பேச்சுவார்த்தைக்கு மட்டும், மொத்தம் 3 வருடம் என்று நன்கொடையாளரிடம் வாதாட வேண்டும். ஒப்பவில்லையென்றால் அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தலைவரின் வேலையில் ஆகக் கடினமானது இதுதான். அலுவலகச் சம்பளமும் அந்தப் பணத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஊர்க்கூட்டங்களில் பெண்களைப் பேசவிட்டுக் கேளுங்கள். மதுரைப் பக்கத்துப் புல்லுச்சேரியில் கூலி வேலை பார்த்த சின்னப்பிள்ளை, களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களை வழிநடத்தி 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். தலைமையைப் படிக்க இங்கே நல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

லண்டன் ஆசை தப்பில்லை. பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகை ஒரு வருட முதுகலைக்கான முழுச் செலவையும் ஏற்கும். 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்கிறார்கள், முடித்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். மணிக்கணக்கு உங்களுக்கு இப்போதே தேறிவிடும். ஆனால் விண்ணப்பத்தில் தலைமைப் பண்பைப் பற்றிக் கட்டுரை கேட்பார்கள். ஒரு கண்மாயின் பட்ஜெட்டை நீங்களே போட்டு, சங்கத்தோடு உட்கார்ந்து அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.