ஆச்சியின் சுவடிக்கட்டு: எந்தத் துறையில் ஆய்வு செய்வது?

கேள்வி: நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர். எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். என் ஆச்சி சுற்று வட்டாரத்தில் பிரசவம் பார்த்தவர். அவர் காலமான பிறகு பரணில் ஒரு ஓலைச்சுவடிக் கட்டும், மருந்துக் குறிப்புகள் எழுதிய பழைய நோட்டு ஒன்றும் கிடைத்தன. இவற்றை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. தமிழ்த் துறையில் கேட்டால் ‘இது மருத்துவம்’ என்கிறார்கள். சித்த மருத்துவம் படித்தவர்களோ ‘இது சுவடிப் பதிப்பு, தமிழ் படித்தவர்கள் செய்ய வேண்டியது’ என்கிறார்கள். நான் எங்கே போவது? ஓலைகளை எண்ணெய் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: எண்ணெய்க் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். இப்போதைக்கு எதையும் தடவாதீர்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி ஓலைக்கு நெகிழ்வைத் திருப்புவது சுவடி நூலகங்களில் வழக்கம்தான். ஆனால் கீறிய எழுத்து தெரிவதற்காகத் தடவிய கரி எவ்வளவு உறுதியாக நிற்கிறது, பூச்சி அரித்த இடம் எது என்று பார்த்துத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. தண்ணீர் படவே கூடாது. ஒட்டிக்கொண்ட ஏடுகளை நகத்தால் பிரிக்காதீர்கள். மென்மையான காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டி, கட்டு இருந்த வரிசை கலையாமல், ஒவ்வொரு ஏட்டையும் இருபுறமும் ஓர் அளவுகோலோடு சேர்த்துப் படமெடுங்கள். இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் இருக்கும். அதுவும் படத்தில் விழட்டும். கயிறு, மரச்சட்டம், சுற்றியிருந்த துணி எல்லாமே சான்றுகள். துணி கந்தலாக இருக்கிறது என்று எறிந்துவிடாதீர்கள்.

பிறகு முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் பாருங்கள். காப்புச் செய்யுளின், அதாவது நூலின் தொடக்கத்தில் வரும் கடவுள் வாழ்த்துப் பாட்டின், முதல் அடி நூலை அடையாளம் காட்டும். கடைசியில் படி எடுத்தவர் பெயரும் ஆண்டும் இருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் பக்கத்தில் கொல்லம் ஆண்டு என்ற பழைய ஆண்டுக் கணக்கு வழங்கியது. கொல்லம் 1050 என்றிருந்தால் அது 1874–75. ‘பிரமோதூத வருஷம்’ போல அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருந்தால் அதை வைத்துக் காலத்தை அறுதியிடாதீர்கள், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்ப வரும். படிக்கும்போது பழகிக்கொள்ள வேண்டியவை சில: மெய்க்குப் புள்ளி இருக்காது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் பிரித்துக் காட்டப்பட்டிருக்காது, ரகரமும் காலும் (ா என்ற குறி) ஒரே வடிவில் நிற்கும். ஆகவே முதலில் இருப்பதை இருப்பதுபோலவே பெயர்த்தெழுதுங்கள். திருத்தம் தனிப் படியில் வரட்டும். சித்த மருத்துவச் சுவடிகளில் மருந்துப் பெயர்கள் மறைமொழியில், அதாவது வேறு பெயரிட்டு மறைத்து, வருவதால், ‘பிழை’ என்று தோன்றும் இடத்தில் அவசரப்பட்டால் நூலையே கெடுத்துவிடுவோம்.

பெயர்த்தெழுதிய முதல் சில செய்யுள்களை எடுத்துக்கொண்டு நூற்பட்டியல்களோடு ஒப்பிடுங்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால், தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறை ஆகிய மூன்றையும் விடாதீர்கள். சென்னை ஆசியவியல் நிறுவனத்தில் உள்ள தமிழ் மருத்துவச் சுவடித் தொகுப்பு 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. உங்கள் பரணில் கிடந்தது எந்த வகை மரபுச் செல்வம் என்று தயங்கும் பேராசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் சுவடி பாலவாகடம் என்ற குழந்தை மருத்துவ நூல் போல ஏற்கெனவே அச்சேறிய ஒரு நூலின் இன்னொரு படியாக இருக்கலாம். அப்படியானால் மனம் தளர வேண்டாம். பாட வேறுபாடுகளும், ஓரத்தில் பின்னால் சேர்த்த குறிப்புகளும், அந்த நோட்டும் வேறெங்கும் கிடைக்காதவை.

என்னைக் கேட்டால், ஓலையைவிட நோட்டுதான் பெரிய புதையல். ஓலை உங்கள் ஆச்சியுடையதுதானா, அவருக்கு ஓலை வாசிக்கத் தெரிந்திருந்ததா என்பதை முதலில் விசாரியுங்கள். கணவர் வழியிலோ பிறந்த வீட்டு வழியிலோ வந்து, யாரும் தொடாமல் இருந்த கட்டாகவும் இருக்கலாம். சுவடி ஒரு வீட்டில் இருந்ததாலேயே அந்த வீட்டுப் பெண்ணின் அறிவு அதிலிருந்து வந்தது என்று எழுதினால், கையால் கற்றுக் கையால் கொடுத்த ஓர் அறிவை மறுபடியும் ஏட்டுக்குள் அடைத்துவிடுகிறோம்.

பெண்களின் கை செய்ததில் அவர்கள் பெயர் நிற்காமல் போவது பழைய கதை. புறநானூற்றின் 281ஆம் பாட்டில் புண்பட்ட தலைவனைக் காக்கப் பெண்கள் வீட்டில் இரவம், வேம்பு ஆகியவற்றின் தழைகளைச் செருகி, ஐயவி (வெண்கடுகு) சிதறி, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்புகிறார்கள். மருத்துவமும் கவிதையும் சடங்கும் அங்கே ஒரே மூச்சில் நடக்கின்றன. செய்பவர்கள் பெண்கள், பாடியவர் அரிசில்கிழார். திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, பேசுகிறது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதே சாலையில் மருந்து காய்ச்சிய பெண்கள் இருவர் என்ற எண்ணிக்கை மட்டுமே. தாராசுரத்துச் சிற்பம் ஒன்றில் நின்றபடி பிள்ளை பெறும் பெண்ணை இரு புறமும் பெண்கள் தாங்கி நிற்கிறார்கள். கல்லில் அவர்களுடைய கை இருக்கிறது, பெயர் இல்லை. நாவிதர் சமூகத்துப் பெண்கள் பலர் தலைமுறை தலைமுறையாக மருத்துவச்சிகளாக இருந்தார்கள், சாதியின் பெயரால் அந்த உழைப்பு தாழ்த்தப்பட்டது. இதையும் ஆய்வில் நேராக எழுத வேண்டும்.

இனி துறை. நீங்கள் கேட்கப்போகும் கேள்விதான் அதை முடிவு செய்யும். சுவடியைப் பதிப்பிப்பதே நோக்கம் என்றால் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை. பிரசவ அறிவு பெண்களிடையே எப்படிக் கைமாறியது என்பதே கேள்வி என்றால் தமிழ்த் துறையிலோ நாட்டார் வழக்காற்றியலிலோ பதிவு செய்து, சித்த மருத்துவர் ஒருவரை இணை நெறியாளராகவோ ஆலோசகராகவோ சேர்த்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்று சோதிப்பது உங்கள் வேலை அல்ல. அந்த ஆசையை ஆய்வுத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். அதை நீக்கினாலே ‘இது மருத்துவம்’ என்ற மறுப்பு பாதி கரைந்துவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுப்பேன்.

எந்தத் துறையானாலும் சிலவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நோட்டிலுள்ள எதையும் வீட்டில் யாருக்கும் கொடுத்துப் பார்க்காதீர்கள், கருவுற்ற பெண்களுக்கு ஒருபோதும் கூடாது. பாதரசமும் பாடாணம் என்ற நச்சுத் தாதுக்களும் சேரும் மருந்துகள் உண்டு, ஒரே செடிப் பெயர் அடுத்த ஊரில் வேறு செடியைக் குறிக்கும். பெயரோடு நிற்காமல் பூவும் காயும் உள்ள மாதிரியை எடுத்துத் தாவரவியல் துறையில் உறுதி செய்யுங்கள். நேர்காணலுக்கு முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பேசுபவர் தம் பெயர் வர வேண்டும் என்றால் முழுப்பெயரும் வரட்டும். பிரசவம் பார்க்கப்பட்ட பெண்களின் பெயர்கள் எந்த நிலையிலும் வரக்கூடாது.

மருந்து முறைகளை முழுமையாக அச்சிடுமுன் யோசியுங்கள். புண் ஆற்றும் மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்டு, நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைச் சான்று காட்டிப் போராடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. எழுத்துச் சான்று பாதுகாப்பு தரும் என்பதற்கு அது உதாரணம். ஆனால் வாய்மொழியாக மட்டும் இருந்ததை அச்சேற்றும் முன் அதைச் சொன்ன குடும்பங்களின் இசைவு வேண்டும். சுவடியை விலைக்குக் கேட்டு யாராவது வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 75 ஆண்டுக்கு மேற்பட்ட, மதிப்புள்ள சுவடி 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

பதிவு, நெறியாளர், தலைப்பு எல்லாம் மாதக் கணக்கில் இழுக்கும். அதுவரை காத்திருக்கக் கூடாத வேலை ஒன்று உண்டு. உங்கள் ஆச்சியோடு பிரசவத்துக்குப் போனவர்கள், அவர் கையில் பிள்ளை பெற்றவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களில் மூத்தவர் யார் என்று அம்மாவிடம் கேளுங்கள். நெறிமுறை ஒப்புதல் வரும்வரை ஒலிப்பதிவும் ஆய்வுக் கேள்விகளும் வேண்டாம். பேத்தியாகப் போய் உட்கார்ந்து, ஒப்புதல் வந்ததும் பதிவுக்கு வருவேன் என்று சொல்லி வையுங்கள். விண்ணப்பத்தை இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள்.