மெக்சிகோ வெள்ளி நகையில் பச்சைக் கல்: ஜேட்தானா, என்ன விலை பெறும்?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் பழைய மெக்சிகோ வெள்ளி வளையலும் மோதிரமும் வாங்கினேன். வளையலில் பச்சைக் கல்லில் செதுக்கிய முகங்கள் இருக்கின்றன, ஜேட் என்றார்கள். பின்புறம் கழுகு முத்திரை, அதற்குள் 3 என்ற எண். மோதிரத்தில் நிறம் மாறும் ஊதாக் கல், அலெக்சாண்ட்ரைட் என்றார்கள். நம்பலாமா? அங்கேயே ஸ்பிராட்லிங் பெயர் பொறித்த ப்ரூச் ஒன்றும் இருக்கிறது. விலை அதிகம். வாங்கலாமா?

பதில்: முதலில் வளையல். அந்த முகங்கள் பெரும்பாலும் ஜேட் இல்லை, சாயம் ஏற்றிய கால்சைட். மெக்சிகோவில் இதை ஓனிக்ஸ் என்றும், பச்சைச் சாயம் ஏற்றினால் ‘மெக்சிகன் ஜேட்’ என்றும் விற்பது பழைய வழக்கம். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பாருங்கள். நுண்ணிய விரிசல்களுக்குள் பச்சை அடர்ந்து கோடாகத் தெரிந்தால் அது சாயம். மூக்கு நுனியும் நெற்றி மேடும் தேய்ந்து, கீறல் விழுந்து மங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கால்சைட்டின் கடினம் மோஸ் அளவில் 3தான், ஜேட் வகையான ஜேடைட் 6.5 முதல் 7 வரை. பல வருடம் அணிந்தாலும் ஜேடின் பளபளப்பு சுலபத்தில் போகாது.

இன்னும் சந்தேகமா? கல்லின் பின்பக்கம் திறந்திருந்தால், கண்ணில் படாத மூலையில் ஊசி முனையால் லேசாகக் கீறுங்கள். கால்சைட்டில் வெள்ளைக் கோடு விழும், ஜேடில் விழாது. அதே மூலையில் ஒரு சொட்டு வினிகர் விட்டு லூப்பில் பார்த்தால் கால்சைட்டில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும். உடனே தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். முன்பக்கத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், பாலிஷ் போய்விடும்.

மோதிரத்துக் கல் பகலில் சாம்பல் கலந்த நீலமாகவும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஊதாவாகவும் தெரிகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் வனேடியம் சேர்த்துத் தொழிற்சாலையில் வளர்த்த குருந்தம் (மாணிக்கமும் நீலக்கல்லும் சேர்ந்த கனிம வகை). மெக்சிகோவுக்குப் போன சுற்றுலாப் பயணிகளிடம் பல காலமாக அலெக்சாண்ட்ரைட் என்று விற்ற கல் இதுதான். உண்மையான அலெக்சாண்ட்ரைட் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும். பெரிதாகவும் பழுதில்லாமலும் கிடைத்தால் அதன் விலை எங்கேயோ போய்விடும், அதை யாரும் சாதாரண வெள்ளி மோதிரத்தில் பதிக்க மாட்டார்கள். மோதிரம் பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், கல்லுக்கென்று தனி விலை போட வேண்டாம்.

அதற்காக வளையலை ஒதுக்கிவிடாதீர்கள். இந்த நகைகளில் பெரும்பாலும் கல்லைவிடக் கைவேலைக்குத்தான் மதிப்பு. கழுகு முத்திரை 1940களின் இறுதியிலிருந்து 1970களின் இறுதி வரை புழங்கிய அரசுத் தர முத்திரை. 3 என்ற எண் பொதுவாக மெக்சிகோவில் வெள்ளி வேலைக்குப் பேர்போன டாஸ்கோ ஊரைக் குறிக்கும். அதன் பிறகு வந்தவற்றில் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பதிவுக் குறி இருக்கும். டாஸ்கோ என்றால் ‘T’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். ஆக, உங்கள் வளையல் அந்த இடைப்பட்ட காலத்து வேலை. ‘அல்பாக்கா’ என்று பொறித்திருந்தால் மட்டும் கவனம். அது நம்ம ஊர் ஜெர்மன் சில்வர், அதில் வெள்ளியே கிடையாது.

விலைக்கு அடிமட்டம் வெள்ளி எடை. மொத்தம் 40 கிராம், கல் சுமார் 10 கிராம் என்றால் மீதி 30 கிராம். 925 தரத்தில், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்றால், அது 27.75 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்கு மேல் கொடுப்பது செய்கூலிக்கும் பட்டறையின் பெயருக்கும்தான். அந்தப் பணம் தகுமா என்பதைப் பின்பக்கம் சொல்லும். இணைப்புகளில் பற்றவைத்த வெள்ளி வழிந்து கட்டியாக நிற்கிறதா, கீல் ஆட்டமில்லாமல் மடங்குகிறதா, கல்லைப் பிடித்திருக்கும் விளிம்பு கல்லின் வளைவோடு ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். நல்ல பட்டறையில் முன்பக்கத்துக்குச் செலுத்திய கவனத்தைப் பின்பக்கத்துக்கும் செலுத்தியிருப்பார்கள். லோஸ் காஸ்தியோ, ஆன்டோனியோ பினேதா, மார்கோ தெ டாஸ்கோ போன்ற புகழ்பெற்ற டாஸ்கோ பட்டறைகளின் பெயர்கள் இருந்தால் வெள்ளி எடையைப்போலப் பல மடங்கு கிடைக்கும், கல் வெறும் கால்சைட்டாக இருந்தாலும்கூட.

ஒரு வேண்டுகோள்: வெள்ளியை முக்கி எடுக்கும் திரவ பாலிஷில் இந்த வளையலைப் போடாதீர்கள். அதிலிருக்கும் அமிலம் கால்சைட்டை அரித்துவிடும். மாலக்கைட், டர்க்காய்ஸ் கற்களுக்கும் அது ஆகாது. பள்ளங்களில் இருக்கும் கறுப்பு பெரும்பாலும் வேண்டுமென்றே ஏற்றியது. அதைச் சுரண்டினால் மதிப்பு குறையும். மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

அப்புறம் அந்த ப்ரூச். வில்லியம் ஸ்பிராட்லிங் 1931இல் டாஸ்கோவில் பட்டறை தொடங்கிய அமெரிக்கர். அந்த ஊரின் வெள்ளித் தொழிலுக்குப் புது உயிர் கொடுத்தவர். அதனாலேயே அவர் பெயரில் போலிகள் அதிகம். அச்சு வைத்து அடித்த முத்திரையின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். அசல் நகையை வார்ப்பெடுத்துச் செய்த போலியில் எழுத்து மழுங்கி, உள்ளே பொடித் துளைகள் தெரியும். அவருடைய முத்திரைகள் காலத்துக்குக் காலம் மாறியவை, 1967இல் அவர் இறந்த பிறகும் அவர் வடிவங்களில் நகைகள் செய்யப்பட்டன. எனவே முத்திரை அசலாகத் தெரிந்தாலும், எந்தக் காலத்து வேலை என்று தெரியாமல் அந்த விலையைக் கொடுக்காதீர்கள். முத்திரையை நெருக்கமாகப் படம் எடுத்து, மெக்சிகோ வெள்ளியில் அனுபவமுள்ள ஏலக்காரரிடம் காட்டுங்கள். படம் எடுக்க விற்பவர் விடாவிட்டால் வாங்க வேண்டாம்.