கணினி கேள்வி-பதில்: ஞாயிறு பேக்கப்பின் மேல் வியாழன் ஏற மறுத்தால்

கேள்வி (தோட்ட ஆபிஸ் கிராணி, சுங்கை சிப்புட்): செம்பனைக் குலை லாரிகளின் நிறுவைக் கணக்கு எங்கள் எஸ்க்யூஎல் சர்வரில் (டேட்டாபேஸ் மென்பொருள்) இருக்கிறது. ஞாயிறு இரவு 11 மணிக்கு முழு பேக்கப், மற்ற இரவுகளில் டிஃபரன்ஷியல் (கடைசி முழு பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுப்பது). வெள்ளி அதிகாலை இடியில் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க்கில் ஞாயிறு பேக்கப்பை ஏற்றிவிட்டு வியாழன் டிஃபரன்ஷியலை ஏற்றினால் 3117 என்று பிழை. நோரெக்கவரி போட்டு முதலிலிருந்து செய்தேன், இப்போது 3136. பேக்கப் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருந்தால் பிழை எண்ணே வேறாக இருந்திருக்கும். இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவதை நீங்களே சரிசெய்துவிட்டீர்கள். எதுவும் சொல்லாமல் ரீஸ்டோர் செய்தால் சர்வர் அதை 'வித் ரெக்கவரி' என்றே எடுத்துக்கொண்டு டேட்டாபேஸைத் திறந்துவிடும். திறந்தபின் அதன்மேல் எதையும் அடுக்க முடியாது, அதுதான் 3117. முழு பேக்கப்புக்கு 'வித் நோரெக்கவரி' (திறக்காமல் அடுத்ததற்குக் காத்திருக்க வைப்பது), கடைசி டிஃபரன்ஷியலுக்கு 'வித் ரெக்கவரி', அவ்வளவுதான். திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாக ஏற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

3136தான் விஷயம். டிஃபரன்ஷியல் கிழமை பார்ப்பதில்லை. டேட்டா ஃபைல் 64 கேபி துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. எந்தத் துண்டில் கை பட்டாலும் சர்வர் தன் வரைபடத்தில் அதற்கு ஒரு குறி போடும். டிஃபரன்ஷியல் அந்தக் குறி உள்ள துண்டுகளை மட்டும் அள்ளும். முழு பேக்கப் ஒன்று எடுத்ததும் குறிகள் எல்லாம் அழிந்து, கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். ஆக, வாரத்தின் நடுவில் யாரோ ஒரு முழு பேக்கப் எடுத்திருக்கிறார்கள். சாஃப்ட்வேர் பார்க்க வந்தவர் 'ஒரு காப்பி வேண்டும்' என்று பென் டிரைவில் எடுத்துப் போவதுதான் பெரும்பாலும் நடப்பது. அதற்குப் பின் எடுத்த டிஃபரன்ஷியல்கள் அந்தக் காப்பியின் மேல்தான் ஏறும். ஞாயிறு பேக்கப்பை ஏறெடுத்தும் பார்க்காது.

எந்த நாளில் நடந்தது என்று கண்டுபிடிக்கலாம். ஞாயிறு ஃபைலுக்கு 'ரீஸ்டோர் ஹெடர்ஒன்லி' கொடுத்து 'பேக்கப்செட் ஜியுஐடி' என்ற நீண்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திங்களிலிருந்து ஒவ்வொரு டிஃபரன்ஷியலுக்கும் அதே கட்டளை. இதில் பார்க்க வேண்டியது 'டிஃபரன்ஷியல்பேஸ் ஜியுஐடி', அது ஞாயிறு எண்ணோடு பொருந்துகிறதா என்று. இந்தக் கட்டளை தலைப்பைப் படிப்பதோடு சரி, எதையும் மாற்றாது. செவ்வாய் பொருந்தி புதன் பொருந்தவில்லை என்றால், செவ்வாய் இரவு 11க்கும் புதன் இரவு 11க்கும் இடையில் வந்துபோனவர் யார் என்று காவலாளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள்.

அந்தக் காப்பி கிடைத்தால் அதை நோரெக்கவரியில் ஏற்றி, மேலே வியாழன் டிஃபரன்ஷியலை ஏற்றினால் வியாழன் இரவு 11 மணி வரையிலான கணக்கு திரும்பிவிடும். கிடைக்காவிட்டால், இப்போது நோரெக்கவரியில் நிற்கும் டேட்டாபேஸின் மேலேயே பொருந்திய கடைசி டிஃபரன்ஷியலை, மேலே சொன்ன உதாரணத்தில் செவ்வாயை, ஏற்றலாம். ஞாயிறை மறுபடி ஏற்றத் தேவையில்லை. மீதி நாள்களை நிறுவைச் சீட்டு நகலைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். டிரான்ஸாக்‌ஷன் லாக் பேக்கப்பும் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதியும் லாக்கின் நகல்) எடுத்து வேறிடத்தில் வைத்திருந்தால் அந்த வேலையும் மிச்சம்: இடையில் வந்த முழு பேக்கப் லாக் சங்கிலியை அறுக்காது. செவ்வாய் டிஃபரன்ஷியலையும் நோரெக்கவரியில் வைத்து, அடுத்தடுத்த லாக்குகளை ஒன்றுவிடாமல் ஏற்றினால் போதும்.

இனி யார் காப்பி கேட்டாலும் 'காப்பி-ஒன்லி' கட்டத்தில் டிக் போட்டு எடுத்துக் கொடுங்கள். அது குறிகளைத் தொடாது. காப்பி எடுக்கும் உரிமையை வெளியாளுக்குக் கொடுக்காமலிருப்பது அதைவிட மேல்.

கேள்வி (கிளினிக் ஊழியர், அதே ஊர்): எங்கள் டிஃபரன்ஷியல்கள் எல்லாம் ஒரே ஃபைலில் சேர்கின்றன. சனிக்கிழமை ஏற்றினேன், பிழை எதுவும் வரவில்லை. ஆனால் திங்கள் வரை வந்த நோயாளிகள்தான் இருக்கிறார்கள்.

பதில்: பிழை வராததுதான் ஆபத்து. ஒரே ஃபைல் பெயரைக் கொடுத்தால் சர்வர் பழையதை அழிக்காமல் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகும். ஏற்றும்போது எண் சொல்லாவிட்டால் முதலாவதை, அதாவது உங்கள் திங்களை, எடுக்கும். 'ஹெடர்ஒன்லி' காட்டும் 'பொசிஷன்' பத்தியில் வெள்ளி இரவுக்கு 5 என்றிருந்தால், ரீஸ்டோர் கட்டளையில் 'ஃபைல் = 5' என்று சேருங்கள். டேட்டாபேஸ் திறந்துவிட்டதால் முழு பேக்கப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். திங்கள் கணக்கின்மேல் யாரும் புதிதாகப் பதியத் தொடங்குவதற்குள் செய்துவிடுங்கள். ஃபைல் பெயரில் தேதி சேர்த்து நாளுக்கொன்றாக வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி (மளிகைக் கடைக்காரர்): எல்லாம் ஏற்றியாகிவிட்டது. இருந்தும் டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் 'ரீஸ்டோரிங்' என்றே காட்டுகிறது. இரவு முழுவதும் காத்திருந்தேன்.

பதில்: விடிய விடிய இருந்தாலும் மாறாது. கடைசி ஃபைலையும் நோரெக்கவரியில் ஏற்றியிருக்கிறீர்கள். ஃபைல் எதையும் குறிப்பிடாமல் 'ரீஸ்டோர் டேட்டாபேஸ்', டேட்டாபேஸின் பெயர், 'வித் ரெக்கவரி' என்று மட்டும் கொடுங்கள். பெரும்பாலும் சில நொடிகளில் திறந்துவிடும். அதற்கு முன் ஏற்ற வேண்டிய டிஃபரன்ஷியல் ஏதும் பாக்கியில்லையே என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.