பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

(இப்படி அழைக்கலாம்தானே?) நான் பாளையங்கோட்டைக்காரி. பெங்களூரில் 11 வருஷம் கம்ப்யூட்டர் வேலை. இப்போது ஊருக்கே வந்து வீட்டிலிருந்து அதே வேலையைப் பார்க்கிறேன். இடையில் மனசு சரியில்லாமல் போனபோது கவுன்சிலிங்கில் ஒரு யோசனை சொன்னார்கள். இயற்கையில் அன்றன்று பார்த்த மூன்று விஷயங்களை எழுதி நன்றி சொல்ல வேண்டும். அதற்கென்றே போனில் ஒரு ஆப். எழுதினேன். மொட்டைமாடியில் மயில், தெருமுனையில் வேப்பம்பூ, கால்வாயில் கொக்கு. முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதிய மாதிரி ஆகிவிட்டது. அதே மயில், அதே நன்றி.

இன்னொன்றும் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறையில் எங்கள் அப்பா வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர். அம்மாவின் தையல் மிஷின், கல்யாண ஆல்பம் எல்லாம் போயிற்று. பாலத்தில் போகும்போது கீழே தாமிரபரணி ஆறு ஒன்றும் தெரியாதது போல ஓடுவதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. நீங்கள் ஆற்றைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் எழுதுகிறீர்கள். உங்களுக்கு நிஜமாகவே நன்றி தோன்றுகிறதா? வெள்ளத்துக்கும் சேர்த்தா?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை
(பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணாச்சி என்றே கூப்பிடுங்கள். மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது போல ஒரு நினைப்பு வருகிறது, பரவாயில்லை.

முதலில் அந்த இம்போசிஷன் விஷயம். நம் ஊரில் வாய்விட்டு நன்றி சொல்லும் வழக்கம் எப்போது இருந்தது? என் அம்மாவுக்கு நான் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "ஏலே, மேலுக்கு எதுவும் சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். பங்குனி, சித்திரையில் ரோட்டோரம் பதநீர் விற்பவரிடம் குடித்திருப்பீர்கள். இளம் ஓலையை மடித்துப் பட்டை பிடித்து நம் கையில் தருவார். இரண்டு கையாலும் ஏந்தி, முழங்கை வழியாகக் கொஞ்சம் ஒழுகவிட்டு, பச்சை ஓலை வாசத்தோடு குடிக்க வேண்டும். நுங்கைச் சீவி உள்ளே போட்டால் அது வேறு கதை. குடித்து முடித்ததும் யாராவது நன்றி சொல்கிறார்களா? "இன்னைக்குச் சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே அண்ணாச்சி" என்பார்கள். அவரும் கோபப்பட மாட்டார். "ஆமா, ராத்திரி வெக்கை ஜாஸ்தி. கம்மியாப் போட்டா புளிச்சிரும்லா" என்பார்.

இந்தப் பேச்சில் நன்றி இல்லை என்று நான் நினைக்கவில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும் என்று குடிக்கிறவருக்குத் தெரிகிறது. ராத்திரி வெக்கைக்குத் தக்கபடி அவர் அதைக் கூட்டிக் குறைத்திருக்கிறார் என்பதும் தெரிகிறது. இருட்டோடு ஒருவர் மரம் ஏறிப் பாளை சீவியதால்தான் இது என் கைக்கு வந்தது என்பதும் அதற்குள் அடக்கம். பழைய தமிழில் நன்றி என்றால் நல்லது, நன்மை என்று பொருள். நமக்கு ஒருவர் செய்த நன்மைதான் செய்ந்நன்றி. அதற்குப் பின்னால் நம் ஆட்கள் சேர்த்த சொல்லைப் பாருங்கள்: அறிதல். சொல்லுதலும் இல்லை, உணர்தலும் இல்லை. நமக்கு என்ன வந்தது, எங்கிருந்து வந்தது, யார் கை பட்டு வந்தது என்று தெரிந்து வைத்திருப்பது. உங்கள் ஆப் கேட்பது உணர்ச்சியை. உணர்ச்சி தினமும் காலை எட்டு மணிக்குப் பாக்கெட் பால் போல வந்து சேராது. தெரிந்துகொள்வதற்கு அந்தச் சிக்கல் கிடையாது. இன்று அலுப்பாக இருந்தாலும் தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் பட்டியலில் கால்வாய்க் கொக்கு வருகிறதே, அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனி, ஆடியில் பாளையங்கோட்டையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பேய்க் காற்று. கொடியில் போட்ட வேட்டி பக்கத்துத் தெருவில் கிடக்கும். மேற்கே இருந்து மேகம் மேகமாக நம் தலைக்கு மேல் ஓடும், ஒரு பொட்டுத் தண்ணீர் விழாது. அதே நேரம் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளிக் குற்றாலத்தில் சாரல், சீசன், கூட்டம். தென்மேற்கு மழையைப் பொதிகையும் அதைச் சேர்ந்த மலைகளும் அங்கேயே பிழிந்துகொள்ளும். நமக்குக் காய்ந்த காற்றுதான் மிச்சம். சின்ன வயதில் இதை நினைத்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அப்பா ஒருநாள் என்னைப் பாளையங்கால்வாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணை திறந்திருந்த சமயம். கால்வாய் பொட்டல் காடாகக் கிடந்தது. எதற்கு நிற்கிறோம் என்றே எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மேற்கே இருந்து சரசரவென்று ஒரு சத்தம். காய்ந்த சருகு, ஆட்டுப் புழுக்கை, ஒற்றைச் செருப்பு, பழுப்பு நுரை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஒரு முழ உயரத்தில் தண்ணீர் நாக்கை நீட்டி நீட்டி வந்தது. வெடிப்பு வெடிப்பாக இருந்த மண்ணுக்குள் இறங்கி, குமிழி விட்டு, நிரம்பி, அடுத்த வெடிப்புக்குப் போயிற்று. அதற்கு முன்னால் ஏழெட்டுக் கொக்குகள் நடந்து வந்தன. வெடிப்பில் ஒளிந்திருந்த பூச்சியும் தவளையும் தண்ணீருக்குப் பயந்து வெளியே ஓட, அவை நிதானமாகக் கொத்திக்கொண்டே வந்தன. மாப்பிள்ளை அழைப்பில் முன்னால் போகிறவர்கள் மாதிரி.

"மலையில பெஞ்ச மழைதான்டா இது" என்றார் அப்பா. மழை நம் தலையில் விழாமல் காலடிக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீர் தானாக வரவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் வெள்ளைக்காரன் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முன்பே இருந்தவை. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், நெல்லைக் கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால் என்று ஒவ்வொன்றையும் யாரோ ஆற்றிலிருந்து கை பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதனால்தான் நமக்குக் கார், பிசானம் என்று இரண்டு நெல் போகமும் உண்டு. நீங்கள் இயற்கை என்று எழுதிய கொக்கு நிற்பது மனிதர் வெட்டிய வாய்க்காலில். நம் சீமையில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். (அந்தக் கால்வாயில் இன்று சாக்கடையும் ஆகாயத்தாமரையும் ஓடுகின்றன. அதுவும் மனிதர் கை பட்டதுதான். அதை எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.)

மயிலைப் பற்றி ஒன்றே ஒன்று. உங்கள் மொட்டைமாடியில் வைத்து ரசியுங்கள். நாங்குநேரிப் பக்கம் மானாவாரியில் கடலை போட்டவரிடம் போய் மயிலுக்கு நன்றி சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

நாங்குநேரி என்றதும் கூந்தன்குளம் ஞாபகம் வருகிறது. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம். நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களோடு நிற்பதில்லை. தெருவுக்குள் வந்து வீட்டு வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுகின்றன. இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்து வந்து இறங்குகிறது. அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். இதெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். யாரும் எழுதாதது அந்த வாடை. முற்றத்தில் எச்சம் வெள்ளையடித்த மாதிரி கிடக்கும், பாதி தின்ற மீன் கிடக்கும், வெயில் ஏற ஏற மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நான் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றபோது, முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளை பெத்த வீடுன்னா அப்படித்தான் வாடை அடிக்கும். நீங்க ரோட்டுக்குப் போய் நின்னு பாருங்க" என்றாள். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கும் வீட்டுக்காரியின் அலுப்பும் அதட்டலும் அந்தக் குரலில் இருந்தன. அவளிடம் ஆப்பைக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பாள்? "இன்றும் நாற்றம்" என்றுதான் எழுதியிருப்பாள்.

இனி வெள்ளம். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடிச் சீமையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அதற்கு யாரும் நன்றி சொல்ல வேண்டாம். உங்கள் அம்மாவின் தையல் மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு ஆற்றின் அருமையைப் பேசுகிறவனுக்கு மனசில் ஏதோ கோளாறு. உங்கள் எரிச்சல் நியாயமானது.

1992 நவம்பர் வெள்ளத்தில் என் மாமா வீட்டு மாடுகள் இரண்டு தொழுவத்தோடு போயின. அதற்கு முன்புவரை அத்தைக்கு ஆற்றில் குளிக்காவிட்டால் குளித்த மாதிரியே இருக்காது. அதன்பிறகு ஆற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கிணற்றடியில்தான் குளியல். பேச்சில்கூட ஆறு என்று சொல்ல மாட்டாள், "அது" என்பாள், சண்டை போட்ட சம்பந்தியைச் சொல்வது போல. ஒன்றரை வருஷம் இருக்கும். ஒரு பங்குனியில், தண்ணீர் ஒடுங்கி அடிமணல் தெரிய ஓடிக்கொண்டிருந்தபோது, துவைக்கிற துணியை வாளியில் எடுத்துக்கொண்டு அவளாகவே படியிறங்கிப் போனாள். நாங்கள் யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. மாடுகளை அவள் மறந்தாளா என்றால், சாகும்வரை பெயர் சொல்லிப் பேசுவாள்.

குறுக்குத்துறை முருகனைப் பாருங்கள். கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் மண்டபத்துக்கு மேலே தண்ணீர் போகும் என்று கட்டியவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் கட்டினார்கள். வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வடிந்ததும் சேற்றை அள்ளிக் கொட்டிக் கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். முருகனே மேடு பார்த்துப் போய்விடுகிறார், நீங்கள் பாலத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில் என்ன தப்பு? உங்கள் அப்பா வீடு சிந்துபூந்துறையில்தான் இருக்கிறது என்றால், ஐப்பசி பிறப்பதற்குள் ஆல்பங்களையும் பத்திரங்களையும் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். ஆற்றை அறிதல் என்பதில் இதுவும் சேர்த்திதான்.

சரி, எனக்கு நிஜமாகவே தோன்றுகிறதா என்று கேட்டீர்கள். சில நாள் தோன்றும். நாலு வருஷம் முன்னால் ஒரு ஐப்பசிக் காலையில் அடுக்களை ஜன்னல் கண்ணாடியில் 'தட்' என்று ஒரு சத்தம். வெளியே போய்ப் பார்த்தால் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் ஆறுமணிக்குருவி ஒன்று மல்லாந்து கிடந்தது. காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் விசில் அடிக்குமே, அது. சத்தம்தான் கேட்டிருப்போம், ஆளைப் பார்ப்பது அபூர்வம். கையில் எடுத்தேன். முதுகு பச்சை, தோளில் பளீரென்று ஒரு நீலம், கண்ணுக்கு மை தீட்டியது போல அகலக் கறுப்புப் பட்டை, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறமும் சேர்ந்து உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழக் கனம்தான் இருந்தது. இதயம் துடிப்பது என் விரலுக்குத் தெரிந்தது. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியக் காடுகள் என்று எங்கேயோ குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு ராத்திரி ராத்திரியாகப் பறந்து தெற்கே வருகிற ஜாதி. அத்தனை தூரம் தப்பித்து வந்து என் அடுக்களைக் கண்ணாடியில் மோதியிருக்கிறது. மூடி போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து இருட்டில் வைத்தேன். மத்தியானம் திறந்தபோது எழுந்து நின்று என்னைப் பார்த்தது. தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டதும் பறக்கக்கூட இல்லை, தத்தித் தத்திக் கருவேப்பிலைச் செடிக்கு அடியில் போய் ஒரு சருகைப் புரட்டியது.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று நான் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து தோட்டத்துச் சருகைக் கூட்டி எரிப்பதை நிறுத்திவிட்டேன். சருகுக்கு அடியில்தான் அதற்குச் சாப்பாடு. வீட்டுக்காரி, "குப்பைக் காடா கிடக்கு" என்று இன்றுவரை திட்டுகிறாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய கொசுவலையைக் கட்டியிருக்கிறேன். அதற்கும் திட்டு உண்டு.

அந்த ஆப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கவுன்சிலிங்கில் சொன்னதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இன்னமும் பால்காரர்தான், மாதக் கணக்கு. அந்த நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருவேன். முன்பக்கம் எத்தனை லிட்டர் வந்தது என்று இருக்கும், பின்பக்கமும் அதே மாதிரிதான். அழகு, அற்புதம் எதுவும் கிடையாது. போன வருஷத்திலிருந்து கொஞ்சம்:

தை 3. சந்தையில் பனங்கிழங்கு, நல்ல நார். பல்லில் மாட்டியது.
மாசி 20. வேம்பு இலை கொட்ட ஆரம்பம்.
சித்திரை 11. மூன்று மணிக்கு ஆலங்கட்டி, ஐந்து நிமிஷம். பக்கத்து வீட்டுப் பையன் வாயில் போட்டுக்கொண்டான்.
ஆடி 2. காற்று. வேட்டி போச்சு.
ஆவணி: எழுதவே இல்லை. சோம்பல்.
ஐப்பசி 6. ஆறுமணிக்குருவி. காலை 6.10. பத்து நிமிஷம் லேட்.

இந்த வருஷம் இன்று புரட்டாசி 24. இன்னும் சத்தம் வரவில்லை. உங்கள் பக்கம் முதலில் கேட்டால் தேதியும் நேரமும் எழுதிப் போடுங்கள். சாயங்காலக் குரலா காலைக் குரலா என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அண்ணாச்சி