புல்தரையில் மாலையில் பறக்கும் சிறிய பழுப்பு அந்துப்பூச்சிகளுக்கு மருந்து அடிக்க வேண்டுமா?

பறக்கும் பூச்சிக்கு மருந்து அடிக்க வேண்டாம். புல்லுக்குள் புழு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவில், செயின்ட் அகஸ்டின் புல் வளர்ந்த முற்றத்தில், கால் வைத்தவுடன் எழும்பிச் சற்றுத் தள்ளி மீண்டும் புல்லுக்குள் பதுங்கும் பூச்சி என்று தாங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது பெரும்பாலும் 'டிராப்பிக்கல் சாட் வெப்வார்ம்' என்று ஃபுளோரிடாவில் அழைக்கப்படும் இனமாகவே இருக்கும். ஹெர்பெட்டோகிராமா ஃபியோப்டெராலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். சிறகை விரித்தால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான் இருக்கும்; பூந்தேனைக் குடித்து வாழும் அந்தப் பூச்சி புல்லைத் தின்பதே இல்லை.

தின்பது அதன் புழு. பூச்சி அந்தி வேளையில் புல்லின் தாளில், அதாவது இலையில், கொத்தாக முட்டையிடுகிறது; வெயில் காலத்தில் சில நாட்களிலேயே முட்டை பொரிந்துவிடும். சிறு புழுக்களுக்குத் தாளைக் கடித்துத் துண்டாக்கும் வலு இல்லாததால், மேற்பரப்பை மட்டும் சுரண்டித் தின்கின்றன. அப்படித் தின்ற தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கண்ணாடித்தாள் ஒட்டியது போன்ற வெளிறிய கீற்றுகள் தெரியும். வளர்ந்த புழுவோ ஓரங்களை ஒழுங்கின்றிக் கடித்து வைக்கும். இரவில்தான் மேயும் என்பதால், பகலில் புல்லை விலக்கி மண்ணை ஒட்டிப் பார்த்தால், உடலில் கரும்புள்ளிகள் கொண்ட பசும்புழு சுருண்டு கிடப்பதையும், அருகில் பச்சை நிறத்தில் பொடிப்பொடியான எச்சத்தையும் காணலாம்.

கண்ணில் படவில்லையென்றால், பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு இரண்டு மேசைக்கரண்டியை இரண்டு கேலன் நீரில் கலந்து, நான்கு சதுர அடிப் பரப்பில் ஊற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். புழு இருந்தால் தானே மேலே வந்துவிடும். இந்தச் சோதனையைக் காய்ந்த பகுதியின் நடுவில் செய்வதில் பொருளில்லை. பச்சையும் பழுப்பும் சந்திக்கும் விளிம்பில் செய்ய வேண்டும். தாள்கள் கடிபடாமல், நடைபாதையை ஒட்டிய வெயில்படும் இடங்களில் புல் மஞ்சளாகிக் காய்ந்தால், அது புல்லின் சாற்றை உறிஞ்சும் சின்ச் பூச்சியின் வேலையாக இருக்கலாம். அதற்கான மருந்து வேறு.

புழு சிறியதாக இருக்கும்போது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் குர்ஸ்டாக்கி என்ற நுண்ணுயிர் மருந்தே போதுமானது. அதைப் புழு தின்றால்தான் சாகும் என்பதாலும், வெயிலில் அதன் வீரியம் விரைவில் குறைந்துவிடும் என்பதாலும், புல்லை வெட்டி முடித்த பிறகு மாலையில் தெளிப்பதே சரி. பரவலாகக் கொல்லும் மருந்துகளை நான் விரும்புவதில்லை. இந்தப் புழுக்களைத் தின்னும் சிலந்திகளும் எறும்புகளும் வண்டுகளும் சேர்ந்தே செத்துப்போகும். மேலும், புழு மேய்ந்த புல் பெரும்பாலும் அடித்தண்டு பிழைத்து, நீர் கிடைத்தால் மீண்டும் துளிர்த்துவிடும்.

உரத்தையும் கவனியுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்து கொழுத்த இளம்புல்லையே இந்தப் புழு நாடுகிறது. நீர்நிலைகளைக் காப்பதற்காக ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் உள்ள எங்கள் பினெல்லஸ் கவுண்டியில் (மாவட்டத்தில்) ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை தழைச்சத்து உரமிடத் தடை இருக்கிறது. தடை முடிந்த மறுநாளே, புழு மிகுந்திருக்கும் பருவத்தில், மூட்டையோடு இறங்குபவர்கள் இங்கே பலர். அக்டோபரில் உரமிடுவதாக இருந்தால், சோப்பு நீர்ச் சோதனையை முடித்துவிட்டு, மெதுவாகக் கரையும் வகையைக் குறைந்த அளவில் இடுங்கள். செயின்ட் அகஸ்டின் புல்லை மூன்றரை அங்குலத்துக்குக் கீழே வெட்டாதீர்கள்.